உறுதியாகாத அறிவிப்பு

என் அம்மா எதையும் இரண்டு முறை சொல்வாள். சாப்பிட வா என்றாலும் இரண்டு முறை, கதவைச் சாத்து என்றாலும் இரண்டு முறை. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. ஒரு முறை சொன்னால் பாதிப் பேர் காதில் விழாது, மீதிப் பேர் நம்ப மாட்டார்கள் என்பது அவள் கட்சி. வீட்டில் கேட்பதற்கு நான் ஒருத்திதான் இருக்கிறேன், எனக்குக் காது நன்றாகவே கேட்கும் என்பதையெல்லாம் அவள் சட்டை செய்ததே இல்லை.

அதனால்தான் அன்றைக்கு எனக்கு மட்டும் தெரிந்தது. வீட்டுச் சாவியை மறந்துவிட்டுப் போயிருந்தாள். கொடுத்துவிட்டு வரலாம் என்று நிலையத்துக்குப் போனேன். நடைமேடையில் நல்ல கூட்டம். தலைக்கு மேலே அம்மாவின் குரல். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கி, எந்த வண்டி, எந்த நடைமேடை, எவ்வளவு தாமதம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். பிறகு மைக்கின் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டாவது முறை வரவில்லை. கூட்டத்தில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. படிகளில் ஏறி ஓடினேன்.

அறிவிப்பு அறைக் கதவைத் திறந்தபோது அவள் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து மைக்கின் பஞ்சில் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் மைக்கின் பொத்தானைத் தேடினாள்.

"இருடி, இன்னொரு தடவை சொல்லணும்" என்றாள்.

நான் மைக்கைப் பிடுங்கி அந்தப் பக்கம் வைத்தேன். அவள் கையைப் பிடித்துத் தூக்கியபோது சீருடையின் கை மேலே ஏறியது. முழங்கையிலிருந்து தோள்வரை நீல நீலமாகத் திட்டுகள். சில பழுத்து மஞ்சளாகியிருந்தன.

"இது என்னம்மா?"

"மேஜையில இடிச்சிருப்பேன்."

"இத்தனை எடத்துலயா? ஏன் சொல்லல?"

"என்னன்னு உறுதியா தெரிஞ்சாத்தானே சொல்ல முடியும்? தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

இதை விளங்கிக்கொள்ள அம்மாவின் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உறுதியாகாத எதையும் மைக்கில் சொல்லக் கூடாது என்பது அறிவிப்பு அறையின் முதல் விதி. வண்டி ரத்தாகும் போலிருக்கிறது என்று ஊரே பேசிக்கொண்டாலும், மேலிடத்திலிருந்து உறுதி வரும்வரை 'தாமதம்' என்றுதான் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மா இந்த விதியை ஒரே ஒரு முறை மீறினாள். வண்டி நடைமேடை மாறி வருகிறது என்று யாரோ போனில் சொன்னதைக் கேட்டு அப்படியே அறிவித்துவிட்டாள். கூட்டம் மொத்தமும் மேம்பாலத்தில் ஏறி ஓடியது. வண்டி பழைய இடத்துக்கே வந்தது. திரும்பி ஓடிய அவசரத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் படியில் உருண்டு விழுந்து கையை முறித்துக்கொண்டாள். நல்லவேளையாகக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றோடு அம்மா மாறிவிட்டாள். அந்த விதியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். அப்பா விபத்தில் போன செய்தி வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அவள் தானே நேரில் போய்ப் பார்த்து, மருத்துவரிடம் கேட்டு, அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்து சொன்னாள். இரண்டு முறை சொன்னாள்.

அறிவிப்பு அறையிலிருந்து அவளை நேராக மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். ரத்தப் பரிசோதனை முடிவு அன்று மாலையே வந்தது. மருத்துவர் என்னைவிடச் சின்னப் பெண்ணாகத் தெரிந்தார். நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டபோதே எனக்குத் திக்கென்றது. யாரும் நல்ல சேதி சொல்ல நாற்காலியை இழுப்பதில்லை.

"ரத்தப் புற்றுநோய்மா. வேகமா பரவற வகை. நாளைக்கே அட்மிட் ஆகணும்" என்றார்.

அம்மா கேட்டாள்: "உறுதியா?"

"உறுதிதான்மா."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "எனக்கு ரத்தப் புற்றுநோயாம்" என்றாள். பிறகு, அதே நிதானமான குரலில், "எனக்கு ரத்தப் புற்றுநோயாம்" என்றாள்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. இடி விழுந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பயிற்சிக் காரில் என் பக்கத்தில் இன்னொரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் எதில் கொண்டுபோய் இடிக்கப் பார்த்தாலும் நான் அழுத்தி நிறுத்திவிடுவேன். அந்த அறையில் என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. ஒன்றும் நிற்கவில்லை.

முதல் சுற்று மருந்துகளில் நோய் அடங்கியது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். உடனே அடுத்த அடி. அடங்கியது திரும்பி வரும், வராமலிருக்க எலும்பு மஜ்ஜை மாற்று செய்தாக வேண்டும் என்றார் மருத்துவர். அம்மாவின் மஜ்ஜையைக் கடும் மருந்து கொடுத்து முழுசாக அழித்துவிட்டு, பொருந்துகிற இன்னொருவரின் அணுக்களைச் செலுத்துவார்களாம். அழித்த பிறகு பின்வாங்க முடியாது, புது அணுக்கள் போய் ஒட்டினால்தான் உயிர்.

"யாரு குடுப்பா?" என்று கேட்டேன்.

"கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

இருந்தார். என் மாமா. சலூன் வைத்திருக்கிறார். நாள் முழுக்க ஊரார் கழுத்தில் கத்தி வைக்கிற ஆள், ஊசியைப் பார்த்தால் மயங்கி விழுவார். பொருத்தம் பார்க்க ரத்தம் எடுத்தபோதே நர்ஸின் தோளில் சாய்ந்துவிட்டார். கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "எலும்பை உடைச்சு எடுப்பாங்களா மருமகளே?"

"இல்ல மாமா. கையிலேர்ந்து ரத்தம் மாதிரி எடுத்து, மெஷின்ல பிரிச்சுட்டு மிச்சத்தைத் திருப்பி உங்களுக்கே விட்டுடுவாங்க."

"திருப்பி விடறதுக்கும் ஊசியா?"

"ஆமா."

"அதுக்கு எலும்பையே உடைச்சிருக்கலாம்" என்றார். ஆனால் பொருத்தம் நூற்றுக்கு நூறு என்று தெரிந்ததும் கடையைச் சாத்திவிட்டு வந்து நின்றார். அணுக்களைப் பெருக்கப் போட்ட ஊசிகளில் இடுப்பெலும்பு விண்விண்ணென்று தெறித்தது அவருக்கு. அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. எங்கள் குடும்பத்துக்கே இது ஒரு வியாதி போலிருக்கிறது.

முதல் சுற்றில் கொட்டியது போக மிச்சமிருந்த முடியும் இந்தக் கடும் மருந்தில் கொட்டும் என்பதால் முன்கூட்டியே எடுத்துவிடச் சொன்னார்கள். யாரோ வந்து எடுப்பதாவது என்று மாமாவே வந்தார். கத்தி கூடாது, கீறினால் ரத்தம் நிற்காது, மெஷின்தான் என்று நர்ஸ் சொல்லிவிட்டார். மாமா அக்காவின் கழுத்தில் துணியைச் சுற்றினார். ஆயிரம் தலைகளைப் பார்த்த அவர், மெஷினை எடுப்பதும் கீழே வைப்பதுமாக நின்றார். அம்மா கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டாள்.

"ரெண்டு பக்கமும் சமமா எடுடா. சின்ன வயசுல ஒரு பக்கம் ஏத்தி வெட்டிட்டு ஓடினவன்தானே நீ" என்றாள். மாமா சிரித்துக்கொண்டே அழுதார்.

மாற்று செய்த அன்று எனக்கு இன்னொரு அதிர்ச்சி. அறுவை சிகிச்சை அறை, பெரிய விளக்குகள், பச்சை உடை என்று என்னென்னவோ கற்பனை செய்து வைத்திருந்தேன். நர்ஸ் ஒரு சின்னப் பையைக் கொண்டுவந்தார். உள்ளே தக்காளிச் சாறு நிறத்தில் கொஞ்சம் திரவம். அதைக் கம்பியில் மாட்டி, அம்மாவின் மார்பிலிருந்த குழாயில் இணைத்துவிட்டுப் போய்விட்டார். சொட்டுச் சொட்டாக இறங்கியது. அவ்வளவுதான். இத்தனை ஆர்ப்பாட்டமும் இந்தப் பைக்குத்தானா என்று அவளுடைய தனி அறையின் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று வாயைப் பிளந்து பார்த்தேன். ஓர் உயிர் இறங்குகிற விதம் இவ்வளவு சாதாரணமாக இருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

பிறகு வந்தது கொடுமை. அழித்த மருந்தின் வேலை அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. அம்மாவின் வாயும் தொண்டையும் புண்ணாகி வெந்துபோயின. எச்சில் விழுங்கக்கூட முடியவில்லை. குரல் போயே போய்விட்டது. கண்ணாடி வழியாக நான் இன்டர்காமில் பேசுவேன். அவள் கட்டில் கம்பியை விரலால் தட்டுவாள். வலிக்கிறதா என்று கேட்டால் தட்டல். தூங்கினாயா என்று கேட்டால் தட்டல். எதற்கும் இரண்டு தட்டு. ஒருநாள் நான் எவ்வளவு பேசியும் கம்பி சத்தமே போடவில்லை. அவள் கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. அன்றுதான் முதல்முதலாக அம்மா இல்லாமல் போகலாம் என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் அந்தத் தாழ்வாரத்தின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பணிப்பெண் துடைப்பானை ஓரமாக வைத்துவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அணுக்கள் ஒட்டிவிட்டன என்று மருத்துவர் சொன்ன நாளில் எனக்கு நம்பிக்கையே வரவில்லை. "உறுதியா?" என்று நானே கேட்டேன், அம்மாவின் மகளாக. எண்ணிக்கை ஏறத் தொடங்கிவிட்டது, உறுதிதான் என்றார். இன்னொன்றையும் சொன்னார். போகப்போக அம்மாவின் ரத்தப் பிரிவே மாறி, தம்பியின் பிரிவாகிவிடுமாம். இப்படியும் உலகத்தில் நடக்குமா என்று நான் மலைத்து நின்றேன். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"அக்கா, இனிமே உன் உடம்புல ஓடறது என் ரத்தம். மரியாதையா பேசு" என்றார் இன்டர்காமில்.

அம்மாவுக்குக் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்த நேரம். கரகரத்த தொண்டையில், "அதான் காலையிலேர்ந்து வேலை செய்யவே பிடிக்கல" என்றாள். நர்ஸ்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும்தான்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருத்துவர் ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். புது அணுக்கள் கைக்குழந்தை மாதிரி, கிருமி வந்தால் எதிர்க்கத் தெரியாது. காய்ச்சல் வந்தால், உடம்பு குளிர்ந்தால்கூட, காத்திருக்கக் கூடாது. மாத்திரை போட்டுப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. அந்த நிமிடமே கிளம்பி வர வேண்டும்.

"எங்க, நீங்க ஒரு தடவை சொல்லுங்க பார்ப்போம்" என்றார் அம்மாவிடம்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கி, காய்ச்சல் வந்தாலோ உடம்பு குளிர்ந்தாலோ உடனடியாக மருத்துவமனைக்கு வரும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்று முடித்தாள். இரண்டு முறை. வார்டே கை தட்டியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

சில வாரங்கள் நல்லபடியாகப் போயின. நான் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தேன். காலையில் மாமா வந்து துணைக்கு இருப்பார், மதியம் இரண்டு வகுப்புகளுக்கு நடுவே நான் ஓடிவந்து பார்ப்பேன். ஒரு மதியம் வந்தபோது மாமா இல்லை. கடையில் கூட்டமாக இருக்கும் போ என்று அம்மாவே அனுப்பிவிட்டிருந்தாள். அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வெளியே வெயில் கொளுத்துகிறது, மின்விசிறி ஓடவில்லை, அவள் மேல் இரண்டு போர்வை. கையில் தெர்மாமீட்டர். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தன.

"எப்போலேர்ந்து?"

"நீ கிளம்பின கொஞ்ச நேரத்துல."

"காலையிலேர்ந்தா! ஏன்மா போன் பண்ணல?"

"ஒரு தடவை வச்சுப் பார்த்தேன், ஜுரம் இருந்துச்சு. திரும்ப வச்சுப் பார்த்தேன், இல்ல. இல்லாதப்போ உன்கிட்ட என்னன்னு சொல்றது? உறுதி பண்ணிக்கிட்டு..."

அவளால் முடிக்க முடியவில்லை. வார்டே கை தட்டிய அந்த அறிவிப்பை வரி பிசகாமல் சொன்னவள் இவள். சொன்னாளே தவிர, அது தனக்கு என்று அவள் எடுத்துக்கொள்ளவே இல்லை. எல்லா அறிவிப்பும் பயணிகளுக்குத்தானே. அந்த நொடியில் எனக்கு வந்தது அழுகை இல்லை, கொலைவெறி.

போர்வையோடு அள்ளிக்கொண்டுபோய் காரில் உட்கார வைத்தேன். கூரையில் பயிற்சிப் பலகை மாட்டிய அதே கார். அந்த வண்டியைப் பார்த்தாலே ஊரில் எல்லாரும் ஒதுங்கி ஆமை வேகத்துக்குத் தயாராகிவிடுவார்கள். அன்றைக்கு அது பறந்தது. மாணவர்களிடம் எதையெல்லாம் செய்யாதே என்று தொண்டை கிழியக் கத்துவேனோ, அத்தனையையும் செய்தேன். நடுவழியில் கார் திடீரென்று முக்கித் திணறி நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. குனிந்து பார்த்தால், அம்மாவின் கால் அந்த இரண்டாவது பிரேக்கின்மேல் கிடக்கிறது. நினைவு தப்பிக்கொண்டிருந்த அவள் உடம்பின் பாரம் முழுக்க அதில்.

"காலை எடும்மா!" என்று அலறினேன். அவளுக்குக் கேட்கவில்லை. நானே குனிந்து அவள் காலைத் தூக்கி இந்தப் பக்கம் வைத்தேன். அந்தக் கால் அப்படிச் சுட்டது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு மூடிக்கொண்டது. மருத்துவர் வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது. "ரத்த அழுத்தம் இறங்கிட்டே இருக்கு. கிருமி ரத்தத்துல கலந்துடுச்சு. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா, நீங்க இங்க வர வேண்டிய வேலையே இருந்திருக்காது. எத்தனை தடவை சொல்லி அனுப்பினேன்?"

"நீங்க ஒரு தடவை சொன்னீங்க டாக்டர். அவங்க ரெண்டு தடவை சொன்னாங்க" என்றேன். சுவரோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். சலூன் துண்டு தோளில் கிடக்க அப்படியே ஓடிவந்திருந்த மாமா, என் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டார்.

அம்மா பிழைத்தாள். எப்படி என்று மருத்துவருக்கே ஆச்சரியம். சாதாரண வார்டுக்கு மாற்றிய அன்று, அவள் கொஞ்சம் தெளிந்து உட்கார்ந்திருந்தபோது, நான் பொறுத்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டினேன்.

"என்கிட்ட சொல்றதுக்கு என்னம்மா உறுதி வேணும் உனக்கு? நான் என்ன நடைமேடையில நிக்கிற பயணியா?"

அவள் போர்வையின் ஓரத்தை இழுத்து நீவினாள். பிறகு சொன்னாள்: "அன்னைக்கு அந்தப் பொண்ணு படியில விழுந்தாளே. அறை ஜன்னல் திறந்துதான் இருந்துச்சு. அவ விழுந்த சத்தம் எனக்கு உள்ள கேட்டுச்சு. இன்னும் கேக்குது."

இத்தனை வருஷத்தில் இதை அவள் சொன்னதே இல்லை. ஒரே ஒரு முறைதான் சொன்னாள்.

என் கோபம் பாதி வடிந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீ தப்பா சொன்னா நான் படியில விழ மாட்டேன்மா. வண்டியை எடுத்துட்டு வருவேன். ஒண்ணுமில்லைன்னா திட்டிட்டுப் போவேன். அவ்வளவுதான்."

"திட்டுவியா?"

"கண்டிப்பா திட்டுவேன்."

ஒப்புக்கொண்டாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகும், ஒவ்வொரு நாளும் வேலைக்குக் கிளம்பும்போது அவள் முகத்தை ஒரு திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத்தான் போவேன். தொட்டுப் பார்த்தாலும் நிம்மதி இல்லை. நான் தெருமுனை திரும்பியதும் குளிர ஆரம்பித்தால்? மறுபடியும் உறுதி தேடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால்?

இது நடந்தது ஒரு முற்பகலில். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையார் என்னிடம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். ஸ்டீரிங்கை அது ஓடிவிடும் என்பதுபோல் இறுக்கிப் பிடித்திருந்தார். நல்ல அகலமான சாலை, பின்னால் ஒரு லாரி. என் போன் அடித்தது. எடுத்தேன்.

"நான்தான் பேசறேன்" என்றாள் அம்மா. "உடம்பு லேசா குளிர்ற மாதிரி இருக்கு. தெர்மாமீட்டர் இன்னும் வைக்கல. உறுதியாகாத தகவல்."

மறுமுனையில் ஒரு மூச்சு விட்டுவிட்டு, அவள் அதையே முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.

அன்றைக்கு அது வெறும் சளிதான் என்று மாலையில் தெரிந்தது. வாக்குக் கொடுத்தபடி அவளை நன்றாகத் திட்டவும் செய்தேன். திட்டத் திட்ட அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அதெல்லாம் மாலையில். அந்த நிமிடத்தில், அம்மா இரண்டாவது முறை சொல்லி முடிப்பதற்குள், என் கால் பிரேக்கை அடிமட்டம்வரை அழுத்தியிருந்தது. கார் நடுச்சாலையில் குலுங்கி நின்றது. பின்னாலிருந்த லாரி மயிரிழையில் ஒதுங்கி, காது கிழிய ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

ஓட்டிக்கொண்டிருந்த அம்மையார் வெளிறிப்போய் என்னைப் பார்த்தார். "ஐயோ, நான் என்ன தப்பு பண்ணேன் மேடம்? என்ன ஆச்சு?"

என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒண்ணும் உறுதியாகல" என்றேன். "இந்தப் பக்கம் வந்து உக்காருங்க, நான் ஓட்டறேன்."